கொழகொழப்பு செய்யும் வேலை

“இன்னாடி இது, போஸ்டர் ஒட்டற பசையாட்டம் இருக்குது?” ஓட்ஸ் கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு ஆயா கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, காலையில் ஓட்ஸ் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மோர் ஊற்றிப் பார்த்தோம், வெங்காயம் தாளித்துக் கொட்டிப் பார்த்தோம். அந்தக் கொழகொழப்பு மட்டும் போகவில்லை. “எனுக்கு வாணாம். ஒரு பன் வாங்கியா, டீல தொட்டுத் துன்னுட்டுக் கம்முனு இருக்கறேன்.”

மேல்வரிசைப் பல் போன பிறகு ஆயாவுக்குப் பிடித்த சாப்பாடு பன். திருமுக்கூடலில் இருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழையசீவரம். அங்கே டீக்கடையில் வாங்கி வருவோம். வாங்கிய அன்று பஞ்சு. மறுநாள் காலையில் விறைத்துப் போய், டீயில் முக்கினால் மேல்பக்கம் கரைந்து நடுவே கட்டியாக நிற்கும். அவர் ஒதுக்கிய ஓட்ஸையும் அவர் கேட்ட பன்னையும் ஒன்றாகப் பிசைந்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். ஒரு பொருள் அடுப்படியில் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நாலைந்து வாரம் பிசைந்து, சுட்டு, தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது இது: ஆயா வெறுத்த அந்தக் கொழகொழப்பேதான் பன்னை மூன்றாம் நாள் வரை மெத்தென்று வைத்திருக்கிறது.

பன்னும் ரொட்டியும் நம் ஊர்களில் இன்றைக்கும் பாதி மருந்து. காய்ச்சல் என்றால் சோற்றை நிறுத்திவிட்டுப் பாலும் ரொட்டியும். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். திருமுக்கூடலில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஆற்றங்கரைக் கோயிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் நிற்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை, அதற்கு ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு அளக்க வேண்டிய அரிசிக்கும் அதில் கணக்கு உண்டு. படுத்திருப்பவருக்கு என்ன கொடுப்பது என்று இந்த ஊர் 900 வருடங்களுக்கு முன்பே யோசித்துக் கல்லில் எழுதிவிட்டது.

ஓட்ஸுக்கு வருவோம். அந்தத் தானியத்தின் செல் சுவர்களில் பீட்டா குளூக்கான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. 100 கிராம் ஓட்ஸில் சுமார் 4 கிராம். அரிசியின் மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளூக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிதான். ஆனால் மணியோடு மணி சேரும் முடிச்சு வேறு மாதிரியானது. நம் வயிற்றில் சுரக்கும் எந்த நொதியாலும் அதை அவிழ்க்க முடியாது. சுடுநீர் பட்டதும் இந்த நீண்ட சங்கிலிகள் விரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இறங்குவது இதனால்தான். குடலிலும் இதே வேலை நடக்கிறது. கொழகொழவென்ற அந்தக் கூழில் பித்த அமிலங்கள் சிக்கி வெளியேறிவிடுகின்றன. ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. தினம் 3 கிராம் பீட்டா குளூக்கான் உள்ளே போனால் பலன் உண்டு என்ற சான்றுகளைப் பார்த்து, ஓட்ஸ் பாக்கெட்டில் அதை அச்சிட அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1997-இல் அனுமதி கொடுத்தது. ஆக, கொழகொழப்பு இல்லாத ஓட்ஸ் வேண்டும் என்பது மருந்தை எடுத்துவிட்டு மாத்திரையை மட்டும் கொடு என்பது போல.

முதல் ஞாயிற்றுக்கிழமை 75 கிராம் ஓட்ஸை ஒரு பாத்திரத்தில் கொட்டி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 200 மில்லி ஊற்றி மூடி வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்து கரண்டியால் எடுத்தபோது ஆயா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். “உளுந்து வழிச்சா மாதிரி இருக்குது” என்றார். இவ்வளவு நாள் பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றவில்லை. எழுபது வருடம் ஆட்டுக்கல்லிலும் கிரைண்டரிலும் உளுந்து வழித்த கை சொன்னது அது.

ஆயா சொன்ன அந்த உளுந்து ஒப்பீடு ஏன் முக்கியம் என்று சொல்ல, கோதுமையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தப் பலகாரம் உப்புவதற்கும் இரண்டு தேவை: காற்றை உண்டாக்க ஓர் உயிர், அந்தக் காற்று ஓடிவிடாமல் பிடித்து வைக்க ஒரு பை. கோதுமையில் அந்தப் பை குளூட்டன். இத்தாலியில் பொலோனா நகரத்து பெக்காரி என்ற அறிஞர் 1728-இல் கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி அலசி இதைத் தனியாக எடுத்துக் காட்டினார். நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 100 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரின் கீழே மெதுவாகக் கசக்குங்கள். பால் போல மாவுச்சத்து கரைந்து ஓடும். தண்ணீர் தெளியும்போது கையில் மென்ற பபிள்கம் போல 25, 30 கிராம் மிஞ்சும். குளூட்டெனின் என்ற புரதம் அதற்கு விறைப்பைக் கொடுக்கிறது, இழுத்தால் திரும்பச் சுருங்க வைக்கிறது. கிளையடின் என்ற புரதம் அறுந்துவிடாமல் நீள வைக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசி விரிக்கும் கண்ணாடி போன்ற மாவு இந்த இரண்டின் ஒப்பந்தம்.

இட்லியில் குளூட்டன் கிடையாது. அரிசியிலும் இல்லை, உளுந்திலும் இல்லை. ஆனாலும் இட்லி உப்புகிறது. இங்கிருந்து காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் அதன் பெரிய சாட்சியைப் பார்க்கலாம். பச்சரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் கலந்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலைக்குள் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் கோயில் இட்லி. கை நீளத்துக்கு நிற்கும் அந்த உருளையை வெட்டினால் உள்ளே முழுக்கத் துளைகள். குளூட்டன் இல்லாமல் அத்தனை துளைகளையும் தாங்கி நிறுத்துவது உளுந்து.

உளுந்தில் இரண்டு பொருள்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஒன்று, சோப்பு நுரையைப் போலக் காற்றுக் குமிழியைச் சுற்றித் தோல் கட்டும் புரதம். இரண்டாவது அரபினோகாலாக்டன் என்ற வழவழப்பான சர்க்கரைச் சங்கிலி. அது குமிழிகளுக்கு நடுவே இருக்கும் நீரைக் கெட்டியாக்கி, குமிழிகள் ஒன்றோடொன்று கூடி உடைந்துபோகாமல் தடுக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970-களில் இவற்றை உளுந்திலிருந்து தனித்தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் இதைச் சோதிப்பது வேறு விதம். உளுந்து அரைபட்டதும் ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவார்கள். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் கொஞ்சம் ஆட்ட வேண்டும். மாவுக்குள் எவ்வளவு காற்று சிறைப்பட்டிருக்கிறது என்பதை அடர்த்தியை வைத்து அளக்கும் சோதனை அது. ஆய்வகத்தில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆயா சொன்ன ஒற்றுமை இங்கேதான் பொருந்துகிறது. ஓட்ஸின் பீட்டா குளூக்கானும் உளுந்தின் வழவழப்பும் வேதியியலில் தூரத்து உறவு. செய்யும் வேலையோ ஏறக்குறைய ஒன்று. ஓட்ஸில் கொழுப்பு வேறு கோதுமையைவிட அதிகம், 7 சதவீதம் வரை உண்டு. அதில் ஒரு பகுதி குமிழியின் தோலில் போய் உட்கார்ந்து அதை வலுப்படுத்தும் வகை. ஆனால் ஓட்ஸால் தனியாகப் பன்னைத் தூக்கி நிறுத்த முடியாது. அளவு மிஞ்சினால் கெடுக்கவும் செய்யும்: செதில்கள் குளூட்டன் இழைகளை நடுவே அறுக்கும், வழவழப்பு மைதாவுக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். நான் பல தடவை மாற்றிப் பார்த்து நின்ற கணக்கு, 300 கிராம் மைதாவுக்கு 75 கிராம் ஓட்ஸ். ஒரு தடவை பாதி மைதாவை எடுத்துவிட்டு மில்லில் அரைத்த கோதுமை மாவு போட்டேன். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் தவிடும் சேர்ந்து இழையை வெட்டிவிடுவதால் பன் குட்டையாகிவிட்டது.

ஈஸ்ட் விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஓட்ஸ் ஆறிவிட்டது என்று நினைத்து, அதிலேயே ஈஸ்டைத் தூவிப் பிசைந்தேன். மேலே ஆறியிருந்தது, அடியில் ஆறவில்லை. கொழகொழப்பான எதுவும் சூட்டை லேசில் விடாது, உள்ளே நீர் புரண்டு ஓட முடியாததால் சூடு அங்கேயே தங்கிவிடும். கூழ் வாயைச் சுடுவதும் இப்படித்தான். 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். மூன்று மணி நேரம் காத்திருந்தேன், மாவு அசையவே இல்லை. அதைத் தட்டிக் கல்லில் போட்டுச் சப்பாத்தி மாதிரி சுட்டுச் சாப்பிட்டோம். இப்போதெல்லாம் ஓட்ஸை நன்றாகக் கிளறி, விரலை அடிவரை விட்டுப் பார்க்கிறேன். குழந்தைக்குத் தலையில் ஊற்றும் வெந்நீர்ப் பதம் வந்தால் சரி. அதோடு 100 மில்லி பச்சைத் தண்ணீர்ச் சூட்டில் இருக்கும் பால், 30 கிராம் நாட்டுச்சர்க்கரை, 6 கிராம் ஈஸ்ட்.

அந்த 6 கிராமில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஈஸ்ட் ஒரு செல் பூஞ்சை. ஒரு கிராமில் ஆயிரம் கோடி அளவுக்கு உயிர்கள், காய்ந்து உறங்கிக் கிடக்கின்றன. ஈரமும் சர்க்கரையும் கிடைத்ததும் விழித்து, சர்க்கரையைக் கரியமில வாயுவாகவும் சாராயமாகவும் உடைக்கின்றன. இட்லி மாவில் வாயுவை உண்டாக்குவது பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே அது வருகிறது; கொஞ்சமாகத் தொடங்கிப் பெருக வேண்டியிருப்பதால் ஒரு ராத்திரி ஆகிறது. பன்னுக்கு நாம் ஒரு படையையே கொட்டுகிறோம். ஒரு மணி நேரம் போதும்.

பாக்கெட் ஈஸ்ட் வருமுன் இந்தப் படையைப் பனையும் தென்னையும் கொடுத்தன. கோவாவில் ரொட்டி சுடுகிறவர்கள் கள்ளை ஊற்றித்தான் மாவு பிசைந்தார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்பத்துக்குக் கள். ரொட்டியை யாழ்ப்பாணத்தார் பாண் என்பதும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல்தான். நம் பக்கம் பனைக்குக் குறைவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆகவே கடை ஈஸ்ட்.

பிசைவதற்குப் பத்து நிமிடம். மைதாவை எல்லா ஈரத்தோடும் சேர்த்துக் கால் மணி நேரம் சும்மா விட்டு, பிறகு 6 கிராம் உப்பும் இரண்டு கரண்டி கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் கைக்குப் பாதி வேலை மிச்சம். ஊறும்போதே குளூட்டன் தானாகப் பின்னிக்கொள்கிறது. முதலில் கையெல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவக் கூடாது, ஓட்ஸ் மாவுக்கு அது இயல்பு. ஒரு சிறு உருண்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இழுத்து விரித்தால், வெங்காயத்தோல் போல வெளிச்சம் ஊடுருவும் சவ்வு தெரிய வேண்டும். நடுநடுவே ஓட்ஸ் செதில்கள் புள்ளிகளாக நிற்கும்.

சித்திரை மாதத்து மத்தியானத்தில் எங்கள் சமையலறையில் இந்த மாவு 40 நிமிடத்தில் இரண்டு பங்காகிவிடுகிறது. மார்கழியில் இரண்டு மணி நேரம். வேகமாகப் பொங்கினால் நல்லது என்று தோன்றும், அப்படியில்லை. அவசரத்தில் ருசி ஊறாது, கொஞ்சம் அசந்தால் மாவு எல்லை மீறிப் பொங்கிப் பைகள் கிழிந்து உட்கார்ந்துவிடும். வெயில் காலத்தில் பாலைப் பானைத் தண்ணீரில் வைத்துக் குளிர்ந்த பிறகே ஊற்றுகிறேன். விரலால் ஒரு குழி அழுத்தினால், குழி மெதுவாகப் பாதிவரை நிமிர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் நேரம் ஆகவில்லை. நிமிரவே இல்லை என்றால் நேரம் போய்விட்டது. பிறகு காற்றை அமுக்கி ஒன்பது உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தட்டில் நெருக்கமாக அடுக்கி, மறுபடி அரை மணி. நெருக்கமாக அடுக்குவது இடத்துக்காக மட்டும் அல்ல. ஒன்றை ஒன்று ஒட்டி வெந்தால் பக்கங்களில் தோல் கட்டாது. பிய்க்கும்போது பஞ்சு மாதிரி வரும். ஆயாவுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றி, பன் தட்டை இறக்கிச் சிறு தீயில் அரை மணி நேரம். உள்ளே நடப்பதைப் படிப்படியாகச் சொல்லலாம். சூடு ஏற ஏற வாயு விரிகிறது. 30 டிகிரியிலிருந்து 95-க்குப் போகும்போது அதன் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. மாவில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியே வருகிறது, சாராயம் ஆவியாகிறது; தெருவே மணப்பது அப்போதுதான். ஈஸ்ட் சாகுமுன் கடைசியாக ஒரு மூச்சு வேலை செய்துவிட்டுப் போகிறது. 60 டிகிரிக்கு மேல் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்குகிறது, 70, 80-இல் குளூட்டன் இறுகிப் பைகள் நிலையாகின்றன. பன்னின் நடுப்பகுதி எப்போதும் 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் இருக்கும்வரை தாண்டவும் முடியாது. மேல் தோல் மட்டும் காய்ந்து 140-ஐத் தாண்டும்போது சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறமாகின்றன. மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விளக்கிய வினை இது. குக்கரில் சூடு கீழிருந்து வருவதால் மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். எடுத்தவுடன் கவிழ்த்துத் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வைத்துவிடுவேன்.

ஒரு தடவை பாதி உருண்டைகளை இட்லிப் பானையில் வைத்துப் பார்த்தேன். 12 நிமிடத்தில் வெந்துவிட்டது. ஒரு கிராம் நீராவி பன்மேல் பட்டு நீராகும்போது 540 கலோரி வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வறண்ட காற்றுக்கு அந்த வேகம் இல்லை. வெள்ளை வெளேரென்று, தோலே இல்லாமல், மிக மிருதுவாக இருந்தது. பல் இல்லாதவருக்கு இதைவிட வேறென்ன என்று நினைத்துக் கொடுத்தேன். “இட்லியாட்டம் இருக்குது. அதுக்கு இட்லியே துன்னலாமே” என்றார். சுட்ட தோலின் மணம் இல்லாத பன் அவருக்குப் பன் இல்லை.

பன் மறுநாள் விறைத்துப்போகக் காரணம் காய்ந்துபோவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பூசிங்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1852-லேயே ரொட்டியைக் காற்றுப்புகாமல் மூடி வைத்தும் அது விறைப்பதைக் காட்டினார். ஈரம் வெளியே போகவில்லை, ஆனாலும் பழசாகிவிட்டது. திரும்பச் சூடாக்கியதும் புதிது போலானது. வெந்தபோது கலைந்து வீங்கிய மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆறிய பிறகு மறுபடி அணிவகுத்துப் படிகமாவதுதான் காரணம். பிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் குருணை குருணையாக விறைத்து, ஆவியில் வைத்ததும் மிருதுவாவதும் இதே கணக்கு. 4 டிகிரிப் பக்கத்தில் இந்த அணிவகுப்பு மிக வேகமாக நடக்கும். ரொட்டியைப் பிரிட்ஜில் வைப்பவர்கள் அதை விறைக்க வைக்கிறார்கள். பூசணம் வேண்டுமானால் தள்ளிப் போகும். கொதிநீரில் ஊறிய ஓட்ஸ், பன்னுக்குள் நிறையத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு மாவுச்சத்துச் சங்கிலிகளின் நடுவே நிற்கிறது, நெருங்கவிடாமல் இழுத்தடிக்கிறது. எங்கள் எவர்சில்வர் டப்பாவில் ஓட்ஸ் போட்டதும் போடாததும் பக்கம் பக்கமாக வைத்து, காலையும் மாலையும் கட்டைவிரலால் அழுத்தினேன். போடாதது இரண்டாம் நாள் காலையில் விரலை எதிர்த்தது. ஓட்ஸ் பன் மூன்றாம் நாள் மாலையிலும் பள்ளமாகிப் பள்ளமாகி எழுந்தது.

ஆனால் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது. 75 கிராம் ஓட்ஸில் இருப்பது 3 கிராம் பீட்டா குளூக்கான். அது ஒன்பது பன்னுக்கும் சேர்த்து. ஆயா நாளுக்குத் தின்பது ஒன்று, அதுவும் மைதாப் பன். மூன்றில் ஒரு பங்கு கிராமுக்கு எந்தக் கொலஸ்டிராலும் குறையாது. அதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் அவரே உளுந்தங்கஞ்சிப் பேச்சை எடுத்தார். பூண்டும் வெந்தயமும் போட்டு, சுக்கு தட்டி, கருப்பட்டி கரைத்து, வழவழவென்று இடுப்புக்கு நல்லதென்று வாழ்நாள் முழுக்க ஊரில் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுத்தவர். “அந்த மாதிரி காச்சு, பாக்கலாம்” என்றார். பாதி உளுந்து, பாதி ஓட்ஸ். அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து அவரே துழாவினார். கரண்டியைத் தூக்கி, நூல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொன்னார். இப்போது வாரத்தில் ஆறு நாள் அந்தக் கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை பன்.